சிறு படகுக்கு ஜங்க் பாய்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

பழைய பாய்மரப் படகு ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உடலைப் பார்த்த கண்ணோடு தலைக்கு மேலும் பாருங்கள். 25 அடிக் கண்ணாடியிழைப் படகின் உடல், பராமரிப்பு இருந்தால், நாற்பது வருடம் கழித்தும் உழைக்கும். காசைத் தின்பது மேலே நிற்கிறது. அலுமினியப் பாய்மரம், அதை நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், கம்பியை முறுக்கும் திருகுகள், கயிறு சுற்றும் வின்ச்சுகள், பெரிய பாய் ஒன்று, முன்பாய் இரண்டு மூன்று. துருப்பிடிக்காத எஃகு என்பது பெயரளவில்தான். வெயிலும் உப்பும் சேர்ந்த நம் கடலில் அது வெளியே பளபளத்துக்கொண்டே இடுக்குகளில் அரித்துப் போகும். பத்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள் என்பார்கள். மாற்றும் செலவு படகு வாங்கிய விலையையே எட்டிவிடுவதும் உண்டு.

இந்தக் கட்டத்தில்தான் யாராவது ஜங்க் பாயைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். உடனே இரண்டு குரல்கள் எழும். மூங்கிலும் தார்ப்பாயும் இருந்தால் போதும், சல்லிக் காசில் முடித்துவிடலாம் என்று ஒரு குரல். அது படத்துக்கும் அஞ்சல் அட்டைக்கும் அழகு, எதிர்காற்றில் ஓடாத பழங்காலச் சரக்கு என்று இன்னொரு குரல். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையத் தவறும் இருக்கிறது. அந்தத் தவறை நம்பி ஒருவர் வேலையில் இறங்கினால் பணம் மட்டும் போகாது, ஆளுக்கே ஆபத்து. அதனால் இதை நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பெயர். இந்த ஜங்க், பழைய இரும்புக் கடையின் ஜங்க் அல்ல. ஜாவா, மலாய் மொழிகளில் பெரிய கப்பலுக்கு வழங்கிய ‘ஜோங்’ என்ற சொல் போர்த்துகீசியர் வாயில் புகுந்து ஐரோப்பாவுக்குப் போனது. பிறகு அதே சொல் சீனக் கப்பலுக்கும் ஒட்டிக்கொண்டது. ஜாவாவின் ஜோங் வேறு, அதன் பாயும் வேறு. இன்று ஜங்க் பாய் என்று நாம் சொல்வது சீனக் கப்பல்களின் பாய். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குறுக்குக் கழிகள் ஓடும் பாய் அது.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய மலாக்காக்காரர் கடலுக்குப் போகவே வேண்டாம். ஜாலான் பெண்டஹாரா பக்கம் பழைய கடைகளின் முன்னால் அஞ்சடியில் தொங்கும் மூங்கில் திரையைப் பாருங்கள். மதியச் சாரல் அடிக்க ஆரம்பித்ததும் கடைக்காரர் தூணில் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்த்துவிடுவார். திரை தன் கனத்தாலேயே சரசரவென்று இறங்கும். பாதியில் நிறுத்த வேண்டுமானால் கயிற்றைப் பிடித்துத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஆயிற்று. முக்கால் இறக்கம், கால் இறக்கம், எல்லாம் அந்த ஒரே கயிற்றில். ஜங்க் பாயில் நடப்பதும் இதுதான். ஐந்தாறு குறுக்குக் கழிகள், கழிக்குக் கழி ஒரு கட்டம் துணி, உச்சியில் கனமான ஒரு பருமல், அடியில் ஒரு கழி. பருமலைத் தூக்கும் கயிற்றை நம் கடலோடிகள் ஆஞ்சான் என்பார்கள். காற்று ஏறினால் ஆஞ்சானைத் தளர்த்துகிறீர்கள். ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ மடிந்து, இருபுறமும் தொட்டில்போல் கட்டிய தாங்குகயிற்றுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. முன்தளத்துக்கு ஓட வேண்டாம். ஈரத்தில் வழுக்கும் தளத்தில் மண்டியிட்டுத் துணியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. பாயின் ஒரு பகுதி மரத்துக்கு முன்னாலும் நீண்டிருக்கும். இரு முனையிலும் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தூக்கிய தோள்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. பின்வாளி கனத்தால் முன்வாளியில் கொஞ்சம் ஊற்று, தோளுக்கு இலகுவாகும். அதேபோல் மரத்துக்கு முன்னால் காற்று வாங்கும் துண்டு, பின்னால் இருக்கும் பெரும்பகுதியின் இழுப்பைக் கொஞ்சம் சமன் செய்கிறது. பாயைக் காற்றுக்கேற்ப இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். இந்தச் சமன்பாட்டால் அதன் இழுப்பு குறைகிறது. அந்தத் தாமானும் ஒரே மூலையை இழுக்காது, கிளை பிரிந்து ஒவ்வொரு கழியின் நுனியையும் பிடித்துக்கொள்கிறது.

செலவு எங்கே குறைகிறது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. சாதாரண முக்கோணப் பாயில் காற்றின் பாரம் மூன்று மூலைகளுக்குப் போகிறது. அதைத் தாங்கத் துணி உறுதியாக வேண்டும், மூலைகளுக்கு அடுக்கடுக்காக ஒட்டு வேண்டும், கயிற்றை முறுக்கேற்ற வின்ச் வேண்டும், அந்த முறுக்கைத் தாங்க எஃகுக் கம்பி வேண்டும். ஒரு செலவு அடுத்த செலவைக் கூட்டிக்கொண்டு வருகிறது. ஜங்க் பாயில் பாரம் ஒவ்வொரு கழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிவிடுகிறது. துணியின் எந்த ஓர் அங்குலமும் பெரிய இழுப்பைக் காண்பதில்லை. அதனால் பந்தல் துணியும் போதும், வீட்டுத் தையல் இயந்திரமும் போதும். ஒரு கட்டம் கிழிந்தால் அந்தக் கட்டம் மட்டும்தான் கிழியும், அடுத்த கழி கிழிசலை நிறுத்திவிடும். இந்தப் பாய் மலிவாவது மட்டமான பொருளைப் போடுவதால் அல்ல, உயர்ந்த பொருள் தேவைப்படாததால்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. பிரிட்டிஷ் கடற்படை வீரர் பிளாண்டி ஹாஸ்லர் 25 அடி ஃபோக்போட் ஒன்றுக்கு இந்தச் சீனப் பாயை மாட்டினார். படகின் பெயர் ஜெஸ்டர். 1960-ல் பிளைமவுத்திலிருந்து நியூயார்க்குக்குத் தனியாள் அட்லாண்டிக் பந்தயம் முதல் தடவையாக நடந்தபோது, பிரான்சிஸ் சிசெஸ்டர் ஜெஸ்டரைவிட மிகப் பெரிய படகில் 40 நாளில் முதலாவதாக வந்தார். ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவது. ஜெஸ்டரின் நடுவில் வட்டமான திறப்பு ஒன்று உண்டு. அதில் இடுப்பு வரை நின்றபடியே பாயை ஏற்றலாம், இறக்கலாம், திருப்பலாம். கயிறுகள் எல்லாம் அந்த ஓட்டைக்கு வந்து சேரும்படி வைத்திருந்தார். அவருக்குப் பிறகு அந்தப் படகை வாங்கிய மைக் ரிச்சி எழுபது வயதைத் தாண்டியும் அதில் அட்லாண்டிக்கில் ஓடிக்கொண்டிருந்தார். ஹாஸ்லரும் ஜாக் மக்லியாடும் சேர்ந்து எழுதிய ஜங்க் பாய்க் கையேடு 1988-ல் வெளிவந்தது. பாயின் அளவு, மரத்தின் தடிமன், கயிறு ஓடும் வழி எல்லாம் அதில் இருக்கிறது. பிறகு வந்த ரோஜர் டெய்லர் 21 அடி கோரிபி படகொன்றில் இதே வகைப் பாயோடு ஆர்க்டிக் பக்கமே போய்வந்தார். அடுக்குப் பலகையில் தாங்களே கட்டிய படகில் பல வருடம் கடலிலேயே குடியிருந்த ஆனி ஹில், பீட் ஹில் இருவரின் கதையும் இந்த வரிசையில்தான் வரும். குறைந்த வருமானத்தில் கடற்பயணம் செய்வதைப் பற்றி ஆனி ஹில் 1993-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

ஆனால் எங்கோ ஐரோப்பாவில்தான் இதைத் தேட வேண்டும் என்றில்லை. நம் நாட்டின் கிழக்குக் கரையில் திரங்கானு மலாய்க்காரர்கள் பெடார், பினாஸ் என்று இரண்டு வகைப் படகு கட்டினார்கள். உடல் மலாய்க் கைவேலை, செங்கால் மரம். பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி மர ஆணி அடித்து, இடுக்கில் கெலாம் மரப்பட்டை வைத்து அடைத்து, அதற்குப் பிறகுதான் உள்ளே வங்குகள் பொருத்துவார்கள். தலைக்கு மேலேயோ கழி வைத்த சீனப் பாய். டுயோங் தீவில் அந்தத் தச்சர்கள் கட்டித் தந்த நாகா பெலாங்கி என்ற படகில் ஜெர்மானியர் கிறிஸ்டோஃப் ஸ்வொபோடா உலகைச் சுற்றி வந்தார். அதே பெயரில் இன்னும் பெரிய பினாஸ் ஒன்று அங்கேயே கட்டப்பட்டு 2009-ல் நீரில் இறங்கியது. அதற்கும் ஜங்க் பாய்தான். சீனப் பாயை மலாய் உடலில் பொருத்தியவர்கள், ஐரோப்பியப் பாயைக் கழற்றிவிட்டு ஜங்க் மாட்ட நினைக்கும் இன்றைய ஆளுக்கு வழிகாட்டிகள். ஒரு பாய் இந்த உடலுக்குத்தான் என்று விதி ஏதும் கிடையாது.

மலாக்காவுக்கு இந்த விஷயத்தில் சொந்தக் கதையும் உண்டு. செங் ஹோவின் கப்பல்கள் 1405-க்குப் பிறகு திரும்பத் திரும்ப நங்கூரமிட்ட துறைமுகம் இது. 1511-ல் போர்த்துகீசியர் பிடித்தபோது இந்த ஆற்றங்கரையில் கப்பல் வைத்திருந்த பெரும் வணிகர்களில் சிலர் நம்மவர்கள், அன்றைய பேச்சில் கெலிங் வணிகர்கள். நைனா சாத்து, நைனா சூரியதேவன் ஆகியோரின் பெயர்கள் போர்த்துகீசிய ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் அனுப்பிய ஜங்க்குகள் பெகு, ஜாவா, மலுக்கு என்று ஓடின. பிறகு வந்த நம் முன்னோர் கடலைப் பார்த்தது கப்பலின் மேல்தளத்தில் சுருண்டு படுத்தபடிதான். நாகப்பட்டினத்தில் ஏறிய ராஜுலா கப்பல் பினாங்கில் இறக்கிவிட்டது. அங்கிருந்து லாரி, ரயில், லயம், பெரட்டு. புக்கிட் லிந்தாங்கில் 1896-ல் டான் சாய் யான் ரப்பர் நட்ட நாளிலிருந்து மலாக்காத் தமிழரின் முகம் கரையை விட்டுக் காட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் கடல் அதிக தூரமில்லை. ஆனாலும் அது நமக்கில்லை என்று ஒரு நினைப்பு நம்மிடையே உறைந்துபோயிருக்கிறது. பற்றவைப்பும் தச்சும் தையலும் தெரிந்த தோட்டத்துப் பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கையில் அந்த நினைப்பை நான் ஏற்க மாட்டேன். ஜங்க் பாய் கேட்பது அந்தக் கைவேலைகளைத்தான்.

மலாக்கா நீரிணையின் குணமும் இந்தப் பாய்க்குச் சாதகம். வருடத்தில் பல நாள் மென்காற்று. திடீரென்று ஒரு விடியற்காலையில், பெரும்பாலும் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில், மேற்கே ஒரு கருத்த கோடு எழும். சுமத்ரா என்றே அந்தக் காற்றுக்குப் பெயர். அரை மணிக்குள் தலைக்கு மேல் வந்து, மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் அடித்துவிட்டு, மழையைக் கொட்டிவிட்டுப் போகும். மென்காற்றுக்கு விரித்த பெரிய பாயோடு அதில் மாட்டினால் படகு படுத்துவிடும். தனியாளாக ஓட்டுகிறவர் முன்பாயைக் கழற்றி, பெரிய பாயைச் சுருக்கி முடிப்பதற்குள் காற்று வந்துவிடும். மூங்கில் திரைபோல் கயிற்றை விட்டால் இறங்கும் பாய் அந்த அரை மணியில் என்ன மதிப்புப் பெறும் என்பதை நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

ஜங்க் பாய் காற்றின் பாரத்தைப் பரப்புகிறது என்றேன். பரப்புகிறதே தவிர, அழிப்பதில்லை. கம்பிகளை எல்லாம் கழற்றிய பிறகு மரம் தனியாக நிற்கிறது, நிலத்தில் ஊன்றிய கொடிக்கம்பம்போல். பாய் வாங்கிய பாரம் முழுவதும் கடைசியில் இரண்டே இடத்தில் வந்து இறங்குகிறது: மரம் மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் துளை, அதன் அடி உட்காரும் குழி. எவ்வளவு பாரம் என்று ஓர் உதாரணம் போடலாம். 2.5 டன் எடையுள்ள 25 அடிப் படகு ஒன்று. காற்று எவ்வளவு அடித்தாலும் மரம் காணும் பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. படகு சாயாமல் எதிர்த்து நிற்கும் பலம்தான் அந்த எல்லை, அதற்கு மேல் போனால் படகு சாய்ந்து காற்றைக் கொட்டிவிடும். இப்படிப்பட்ட படகில் அந்தப் பலம் சுமார் 1,100 கிலோகிராம்-மீட்டர் வரலாம். தளத்துக்கும் குழிக்கும் இடையில் மரம் 1.1 மீட்டர் புதைந்திருந்தால், 1,100-ஐ 1.1-ஆல் வகுங்கள். குழியின் பக்கவாட்டில் ஒரு டன். தளத்துத் துளையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு டன் பாரம், அலைக்கு அலை இடது வலது என்று மாறி மாறி.

நடந்து போகும் கால்களைத் தாங்கத்தான் அந்த இடத்தின் தளம் முதலில் கட்டப்பட்டது. பல கண்ணாடியிழைப் படகுகளில் தளம் என்பது இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ நுரையோ வைத்த சாண்ட்விச். அதில் ஓட்டை போட்டு மரத்தை இறக்கினால், முதல் பருவத்திலேயே நுரை நசுங்கும், தண்ணீர் புகும், துளை பெரிதாகும், மரம் ஆடும். ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் அப்புறம் சுத்தியலால் அடிப்பதுபோல்தான். துளையைச் சுற்றி அரை மீட்டருக்காவது நடுப்பொருளைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடல்தர அடுக்குப் பலகையை எப்பாக்சியில் அடுக்கடுக்காக ஒட்டி, அந்தத் தடிப்பைப் பக்கச் சுவர்கள் வரை, முடிந்தால் ஒரு குறுக்குச் சுவரோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கீழே குழியும் அப்படித்தான். உடலின் அடித்தளத்தில் பரவலாக உட்கார வேண்டும், மரத்தின் அடி நழுவவும் கூடாது, எழும்பவும் கூடாது, தேங்கும் தண்ணீர் வெளியேற ஓட்டையும் வேண்டும். மரத்துக்கும் துளைக்கும் இடையில் இறுக்கமாக அடித்த கடினமர ஆப்புகள், மேலே ஒரு பழைய டயர் ட்யூபைச் சட்டையாகப் போர்த்தி இறுக்கக் கட்டு. எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். ஆனால் இந்த இரண்டு இடத்தின் கணக்கை மட்டும் படகு வடிவமைப்பு படித்த ஒருவரிடம் கூலி கொடுத்துப் போட்டு வாங்குங்கள். துணியிலும் கழியிலும் மிச்சமானதை இங்கே செலவழிக்கத் தயங்காதீர்கள்.

மரத்தின் தடிமனையும் அதே கணக்குதான் தீர்மானிக்கும். மேலே சொன்ன படகுக்கு 15 சென்டிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் சுவரும் உள்ள நல்ல கடல்தர அலுமினியக் குழாய் ஓரளவு பாதுகாப்போடு நிற்கும். குழாய் பொதுவாக 6 மீட்டர் நீளத்தில்தான் வரும், தேவையோ சுமார் 10 மீட்டர். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: அடிப்பகுதி அலுமினியம், மேல்பகுதி குழாய்க்குள் இறுக்கமாகச் செருகிய மரம். பாரம் அதிகமுள்ள கீழே உலோகம், பாரம் குறையும் மேலே இலேசான மரம். எந்த மரம் என்று கேட்டால் எனக்குப் பிடித்த ஒரு பதில் உண்டு. இங்கே பிந்தாங்கோர் என்று விற்கும் மரம் நம் புன்னையின் இனம். மலாய்க்காரர்கள் அதைப் பாய்மரத்துக்கும் பருமலுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெட்டிய புன்னை இன மரங்களையே ஒரு காலத்தில் ஆங்கிலேயர் கப்பல்களுக்குப் பாய்மரமாக வாங்கினார்கள். முடிச்சில்லாத, நேர்நரம்புள்ள, நன்றாகக் காய்ந்த கட்டையாகப் பாருங்கள். இல்லையென்றால் மெல்லிய சட்டங்களை ஒட்டிச் சேருங்கள். சாலை விளக்குக் கம்பத்தை மரமாக்கியவர்கள் வெளிநாடுகளில் உண்டு. அவை மேலே போகப் போகச் சிறுக்கும் அலுமினியக் கம்பங்கள். நம் ஊரின் இரும்புக் கம்பத்தை இந்த அளவுப் படகில் ஏற்ற நினைக்காதீர்கள், தலைக்கனத்தில் படகு தள்ளாடும்.

மரத்தை எங்கே ஊன்றுவது? பழைய ஓட்டையிலேயே ஊன்றலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம், அங்கேதான் தவறும் நடக்கிறது. முன்பாய் போய்விட்டது, பெரும்பாய் மட்டும் மிச்சம். பழைய இடத்திலேயே மரம் நின்றால் பாயின் இழுப்பு பின்னால் தள்ளிப்போய், படகு ஓயாமல் காற்றின் பக்கம் மூக்கைத் திருப்பும். சுக்கானைப் பிடித்தவர் கை கடுக்கும். ஆகவே மரம் முன்னால் நகர வேண்டும். எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு மைலோ அட்டைப்பெட்டி போதும். படகின் வரைபடத்தை அளவு குறைத்து வரைந்து, பழைய பாய்கள் இரண்டையும் அதே அளவில் அட்டையில் சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய அட்டை ஊசிமுனையில் சாயாமல் நிற்கும் புள்ளியைக் குறித்து வரைபடத்துக்கு மாற்றுங்கள். அந்தப் புள்ளியில் பழைய பாய்களின் இழுப்பு மையம் இருந்தது. புதிய ஜங்க் பாயையும் அட்டையில் வெட்டி, அதன் மையப் புள்ளி பழைய புள்ளியின் மேலோ ஒரு விரற்கடை முன்னாலோ விழும்படி வரைபடத்தில் நகர்த்துங்கள். அப்போது மரம் எங்கே வருகிறதோ அதுதான் இடம். பெரும்பாலும் முன்னறையின் படுக்கைக்கு நடுவே வந்து நிற்கும். படுக்கைக்கு நடுவே தூண் வேண்டாம் என்பவர் இந்த மாற்றத்தை மறந்துவிடுவது நல்லது. இடத்தைத் தளர்த்திக்கொள்ள முடியாது.

பாய் தைப்பது இதைவிடச் சந்தோஷமான வேலை. நம் உதாரணப் படகுக்கு 30 சதுர மீட்டர் பாய் வைக்கலாம். வழக்கத்தைவிடப் பெரிதுதான். முன்பாய் இல்லாததாலும், நீரிணையின் மென்காற்றுக்காகவும், சுருக்குவது சுலபம் என்பதாலும் பெரிதாகவே வைப்பது நல்லது. மடிப்பு, ஓரம் எல்லாம் சேர்த்து 40 சதுர மீட்டர் துணி பிடிக்கும். வெயிலைத் தாங்கும் பந்தல் துணி, பாலியெஸ்டர் அல்லது அக்ரிலிக். நைலான் வேண்டாம், அது இழுபடும், வெயிலில் சீக்கிரம் இற்றும். நூலும் பாலியெஸ்டர்தான். பழைய சீனப் பாயும் ஜெஸ்டரின் பாயும் தட்டையாக இருந்தன. எதிர்காற்றில் ஓடாது என்ற குற்றச்சாட்டு அந்தத் தட்டைப் பாயிலிருந்து வந்தது. 1990-களில் நார்வேயின் ஆர்னே குவெர்னலாண்ட் போன்றவர்கள் ஒவ்வொரு கட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளையும் வளைத்து வெட்டித் தைத்து, கட்டத்துக்குக் கட்டம் தொப்பை வைத்தார்கள். கழி நீளத்தில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு தொப்பை என்று வையுங்கள். கழி 4.5 மீட்டர் என்றால் தொப்பையின் ஆழம் முப்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மேல் கட்டங்களில் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும், காற்று முற்றும்போது மிச்சம் இருக்கப்போவது அவைதான். இந்த ஒரு மாற்றத்தால் ஜங்க் பாய் எதிர்காற்றில் மரியாதையாக ஓட ஆரம்பித்தது. கட்டம் கட்டமாகத் தைப்பதால் வீட்டுக் கூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் விரித்தால் போதும். தாவணியும் மேசைவிரிப்பும் தைத்த கைக்கு இது கடினமே இல்லை.

கழிகளுக்கு வருவோம். செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும் நீளமான அலுமினியக் கம்பைக் கையில் பிடித்துப் பாருங்கள். அந்த இலேசு, அந்த விறைப்பு, அதுதான் பாய்க்கழிக்கு வேண்டிய குணம். முப்பது சொச்சம் மில்லிமீட்டர் விட்டமுள்ள, சுவர் மெலிந்துபோகாத குழாய் எதுவும் ஆகும். ஆறு கழியும் ஒரே வகையாக இருக்கட்டும். மூங்கிலும் ஆகும், சீனர் நெடுங்காலம் அதைத்தான் வைத்தார்கள். முற்றிய மூங்கிலாக வெட்டி, சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தினால் வண்டு துளைப்பது குறையும். முறிந்தாலும் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு மூங்கிலும் ஒவ்வொரு விதமாக வளையும், பாயின் வடிவம் சீராக வராது. சோதனைக்கு மூங்கில், நிரந்தரத்துக்கு அலுமினியம் என்பது என் கட்சி. கழிகளும் பருமலும் துணியும் சேர்ந்து 30, 35 கிலோ கனக்கும். ஆஞ்சானை நாலைந்து கப்பி மடங்காகப் போட்டால் ஒரு ஆள் ஏற்றிவிடலாம், மெதுவாகத்தான்.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கயிறு நிறைய; மென்காற்றில் அது தண்ணீரில் தொங்கும், வேண்டாத இடத்தில் மாட்டும். கழி மரத்தில் உரசும் இடம் எல்லாம் தேயும், தோலோ பழைய நீர்க்குழாயோ சுற்ற வேண்டும். பின்காற்றில் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அடித்துத் திரும்பும்போது கழிகள் விசிறிபோல் மேலே கிளம்பிச் சிக்கிக்கொள்வதும் உண்டு. குறுகிய துடுப்புபோன்ற அடிக்கட்டை உள்ள பந்தய வகைப் படகுக்கு இந்த மாற்றம் அவ்வளவாகப் பொருந்தாது. கம்பிகளைப் புதிதாக மாற்றி இரண்டு வருடம்கூட ஆகாத படகில் இதைத் தொடவும் வேண்டாம். இது கம்பி முடிந்துபோன படகுக்கான வைத்தியம். கழற்றிய பழைய வின்ச்சுகளையும் முன்பாய்களையும் நல்ல நிலையில் இருந்தால் விற்றுவிடலாம், அந்தக் காசே துணிக்கும் கயிற்றுக்கும் பாதியாவது ஈடுகட்டும். துளை போடும் முன்பே காப்புறுதிக்காரரிடம் பேசிவிடுங்கள், கடல்துறையின் உரிமத்தில் மாற்றம் பதிய வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். இடி அதிகமுள்ள கரை நம்முடையது. உலோக மரத்தின் அடியிலிருந்து தண்ணீருக்குள் இருக்கும் உலோகத் தகட்டுக்குத் தடித்த செம்புக் கம்பி ஒன்று நேராகப் போக வேண்டும்.

நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன், மலிவான நீலத் தார்ப்பாயில் அதே அளவில் ஒரு சோதனைப் பாய் கட்டிப் பாருங்கள். வெயிலில் அது நான்கு மாதம் தாங்கினால் போதும். கோலா லிங்கியின் முகத்துவாரத்துக்கு வெளியே, கப்பல் பாதைக்கு வெகு இப்பால், நீரோட்டம் ஓய்ந்திருக்கும் ஒரு காலைநேரம். இஞ்சின் ஓடட்டும். பாயை முழுக்க ஏற்றிச் சுக்கானை இரண்டு விரலால் பிடியுங்கள். மூக்கு காற்றின் பக்கம் இழுத்தால் பாயை மட்டும் மரத்தில் ஒரு சாண் முன்னே தள்ளிக் கட்டுங்கள், காற்றை விட்டு விலகினால் ஒரு சாண் பின்னே. இந்தப் பாயில் அவ்வளவு தளர்வு உண்டு. பிறகு தளத்துத் துளைக்குப் பக்கத்தில் குந்தி, ஆப்புக்கும் மரத்துக்கும் நடுவே சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். அலைக்கு அலை விரலில் ஏதாவது நெருடுகிறதா? நெருடினால் பாயை இறக்கிவிட்டுக் கரைக்குத் திரும்பி, அந்த இடத்தை மறுபடியும் கட்டுங்கள். நெருடவில்லையென்றால் ஆஞ்சானை விட்டு, பாய் முழுவதும் தாங்குகயிற்றுக்குள் விழ எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.